காவல் ஊருக்கு, மகசூல் யாருக்கு?

மகாராஷ்டிரத்தின் கிழக்கு ஓரத்தில், கட்சிரோலி மாவட்டத்தில் இருக்கிறது மேந்தா-லேகா. நூறு வீடுகள் அளவே கொண்ட கோண்டு பழங்குடிச் சிற்றூர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி 2009இல் அந்த ஊரின் கிராம சபைக்கு ஏறத்தாழ 1,800 ஹெக்டேர் காட்டின் மீது சமூக உரிமை எழுதித் தரப்பட்டது. நாட்டிலேயே முதலில் இந்த உரிமையைப் பெற்ற ஊர்களில் அதுவும் ஒன்று. பட்டயம் கைக்கு வந்த பிறகும் அந்தக் காட்டின் மூங்கிலை ஊரார் விற்க முடியவில்லை. லாரியில் ஏற்றிய மூங்கில் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டுமானால் நடைச்சீட்டு வேண்டும். அதை எழுதிக் கொடுக்கும் புத்தகம் வனத்துறையிடம் இருந்தது. மூங்கில் சிறு வன விளைபொருள் என்று புதிய சட்டம் சொன்னது. இல்லை, அது மரம்தான் என்று 1927ஆம் ஆண்டின் வனச் சட்டத்தைக் காட்டித் துறை மறுத்தது. நீண்ட இழுபறிக்குப் பின், 2011 ஏப்ரலில் அன்றைய மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷும் மாநில முதல்வர் பிருத்விராஜ் சவாணும் ஊருக்கே வந்து அந்தச் சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையிடம் ஒப்படைத்தார்கள். அதன் பின் வந்த வெட்டுப் பருவத்தில் மூங்கில் விற்பனை ஒரு கோடி ரூபாய் அளவை எட்டியது.

2009க்கும் 2011க்கும் இடையில் காடு அதே காடு, மக்கள் அதே மக்கள். காவலும் முன்பு போலவே ஊராரால்தான் நடந்தது. மாறியது ஒன்றே ஒன்று: விற்கும் உரிமை. கிராமங்களைத் தூக்கி நிறுத்துவதற்காக நம் நாட்டில் தீட்டப்பட்ட திட்டங்கள் அநேகமாக எல்லாமே ஊராரின் உழைப்பைக் கேட்கின்றன. மரம் நடு, தீ வராமல் பார்த்துக்கொள், ஏரியைத் தூர் வாரு, ஆக்கிரமிப்பைத் தடு என்று கடமைகளை அடுக்குகின்றன. விளைந்ததை யார் விற்பது, என்ன விலைக்கு, வந்த பணம் எந்தக் கணக்கில் சேர்வது என்ற கேள்விகள் எழும்போது மட்டும் ஊர் ஒதுங்கி நிற்க, வேறொருவர் பதில் சொல்கிறார். நிலத்தைப் பேணுவதும் கிராமத்தின் பொருளாதாரத்தை மீட்பதும் இரண்டு தனித்தனி வேலைகள் அல்ல. மகசூலின் மீது உரிமை இல்லாத காவல் வெறும் கூலி வேலையாகத்தான் இருக்கும். கூலி நின்றதும் காவலும் நின்றுவிடும்.

மேந்தா-லேகா இந்த இடத்துக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. எழுபதுகளின் இறுதியில் கோதாவரிப் படுகையில் திட்டமிடப்பட்ட பெரிய அணைகளுக்கு எதிரான பழங்குடிப் போராட்டத்தில்தான் அந்த ஊர் கூடிப் பேசக் கற்றது. தேவாஜி தோஃபா போன்ற உள்ளூர்த் தலைவர்களும், விருட்சமித்ரா அமைப்பின் மோகன் ஹிராபாய் ஹிராலாலும் அங்கே வளர்த்தெடுத்த முறை எளிமையானது, ஆனால் பொறுமையைக் கேட்பது. பெரும்பான்மை வாக்கெடுப்பு கிடையாது. எல்லாரும் ஒப்பும் வரை முடிவைத் தள்ளிப்போடுவார்கள். முடிவெடுக்கும் கூட்டம் வேறு, படித்தும் விசாரித்தும் தெரிந்துகொள்ளும் குழு வேறு. சட்டம், கணக்கு, காட்டியல் எதுவானாலும் முதலில் இந்தப் படிப்பு வட்டத்தில் அலசப்பட்ட பிறகே சபைக்கு வரும். வெளியிலிருந்து வந்தவர்கள் படிப்பு வட்டத்தில் பேசலாம், சபையில் முடிவெடுக்க முடியாது. காகித ஆலைக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்த மூங்கிலை வெளியாட்கள் வந்து வெட்டுவதை ஊர் எதிர்த்து நின்றது சட்டம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே. பழங்குடி இளைஞர்கள் கூடும் கோதுல் கட்டடத்தைக் காட்டு மரத்தால் எழுப்பியதற்காக வனத்துறை அதை இடித்தபோது, சுற்றியிருந்த ஊர்களும் தங்கள் கோதுல்களைக் கட்டி எதிர்ப்பைக் காட்டின. 2009இன் பட்டயம் இந்த முப்பதாண்டுப் பழக்கத்தின் மேல் வந்து உட்கார்ந்தது.

மூங்கில் வெட்டுவதில் உள்ள நுணுக்கத்தைக் கொஞ்சம் கவனித்தால், உரிமைக்கும் பேணலுக்கும் உள்ள தொடர்பு கண்ணுக்குத் தெரியும். ஒரு புதரில் அந்த ஆண்டு முளைத்த குருத்தை வெட்டக் கூடாது. முதிர்ந்த கழிகளிலும் சிலவற்றைத் தாங்குவதற்கு விட வேண்டும். வெட்டும்போது தரைக்குச் சற்று மேலே, கணுவுக்கு மேல் வெட்ட வேண்டும். இல்லையென்றால் மழைநீர் தேங்கி அடி அழுகிவிடும். நெரிசலான புதருக்குள் நுழைந்து நடுவிலிருக்கும் முதிர்ந்த கழியை எடுப்பது சிரமம், வெளிவட்டத்து இளங்கழியை வெட்டுவது சுலபம். கட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற, அடுத்த ஆண்டு எந்தக் காட்டுக்கு அனுப்பப்படுவோம் என்று தெரியாத தொழிலாளி சுலபமானதைத்தான் செய்வார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்றாண்டு கழித்து அதே புதருக்குத் திரும்பி வரப்போகிறவருக்கு மட்டுமே நடுவில் நுழையும் சிரமம் லாபமாகத் தெரியும். துறையின் செயல்திட்ட அறிக்கைகளில் இந்த விதிகள் எல்லாம் எப்போதும் எழுதப்பட்டுத்தான் இருந்தன. எழுதியவருக்கும் வெட்டியவருக்கும் நடுவில் குத்தகைதாரர் இருந்தார்.

கட்சிரோலியில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராம சபைகள் சமூக வன உரிமை பெற்றிருக்கின்றன. பல சபைகள் மூங்கிலோடு பீடி இலையையும் தாங்களே ஏலம் விடுகின்றன. இந்த இலைக்கும் நமக்கும் நேரடித் தொடர்பு உண்டு: திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துப் பெண்கள் முறத்தை மடியில் வைத்துச் சுற்றுகிற பீடியின் இலை மத்திய இந்தியக் காடுகளிலிருந்துதான் வருகிறது. கோடையில் சில வாரங்கள் மட்டும் நடக்கும் இலைப் பறிப்பு, ஒரு பழங்குடிக் குடும்பத்தின் ஆண்டுச் செலவில் பெரும்பகுதியைத் தாங்கும். பக்கத்து சந்திரபூர் மாவட்டத்தில் உள்ள பாச்காவ் என்ற ஊரோ இதற்கு நேர்மாறான முடிவை எடுத்தது. 2012இல் ஆயிரம் ஹெக்டேர் அளவுக்குக் காட்டுரிமை பெற்ற அந்த ஊர், பீடி இலையைப் பறிப்பதே இல்லை என்று தீர்மானித்தது. துளிர் நன்றாக வர வேண்டும் என்பதற்காகச் செடியை வெட்டுவதும் தரையில் தீ வைப்பதும் காட்டைக் கெடுக்கின்றன, மரம் பழுத்தால் பழம் மனிதருக்கும் பறவைக்கும் ஆகும் என்பது அவர்கள் கணக்கு. மூங்கில் வருமானம் போதும் என்று முடிவு செய்தார்கள். காட்டின் ஒரு பகுதியை எதற்கும் தொடாமல் தனியே ஒதுக்கியும் வைத்தார்கள். வருமானத்தை வேண்டாம் என்று சொல்வதற்கும் முதலில் அந்த வருமானம் தன்னுடையதாக இருக்க வேண்டும். உரிமை கொடுத்தால் காட்டை மொட்டையடித்துவிடுவார்கள் என்று அஞ்சுபவர்கள் பாச்காவைப் பார்க்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது கூட்டு வன மேலாண்மை. 1990 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட சுற்றறிக்கையில் தொடங்கிய இந்த ஏற்பாடு நாடெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் 1997 முதல் ஜப்பானியக் கடனுதவியோடு காடு வளர்ப்புத் திட்டமாக நடந்தது. ஊருக்கு ஊர் கிராம வனக்குழுக்கள் அமைந்தன. குழுவின் தலைவர் ஊர்க்காரர்; செயலாளர் வனவர். தடுப்பணைகள் கட்டப்பட்டன, கன்றுகள் நடப்பட்டன, சுயஉதவிக் குழுக்களுக்குக் கடனும் கறவை மாடும் கிடைத்தன. சில மலையடிவாரங்களில் பசுமை திரும்பியதும் உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குழுக்களுக்குச் சட்டத்தின் பிடிமானம் இல்லை, நிர்வாக ஆணைதான் இருந்தது. திட்ட நிதி வந்துகொண்டிருந்தவரை கூட்டம் நடந்தது. நிதி நின்றதும் பெரும்பாலான இடங்களில் குழு பெயர்ப் பலகையாக மிஞ்சியது. ஊராருக்கு ஆர்வமில்லை என்று பிறகு அறிக்கை எழுதுவது சுலபம். பங்கு கிடைக்குமா, எப்போது, எவ்வளவு என்று தெரியாத ஒன்றில் ஆர்வம் காட்டும்படி ஏழைகளை மட்டும் நாம் கேட்கிறோம்.

நம் ஏரிகளின் கதையும் இதேதான், இன்னும் பழையது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஏரியைப் பேணுவதற்கென்று விடப்பட்ட ஏரிப்பட்டி நிலங்களைப் பார்க்கிறோம். ஏரி மீனிலிருந்து வரும் பாசிப்பாட்டத்தை அதே ஏரியைத் தூர் வாரச் செலவிடும் ஏற்பாட்டையும் பார்க்கிறோம். ஏரி தன் பராமரிப்புச் செலவைத் தானே ஈட்டிக்கொண்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் வரி பெருகியது, மானிய நிலங்கள் பல அரசின் வருவாய்க்குள் போயின. கரையும் மடையும் கவனிப்பாரற்றுப் போனபோது ஆட்சியாளர்கள் கண்ட தீர்வு 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். வழக்கமான மராமத்துக்கு வராத குடியானவர் தண்டம் கட்ட வேண்டும் என்றது அது. முன்பு தாமாகச் செய்ததை மக்கள் ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்காமல், செய்யாதவரைத் தண்டிக்கும் வழியைத் தேடினார்கள். 2017இல் தமிழ்நாடு அரசு நூறு கோடி ரூபாயில் குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது கட்டாயம் இல்லை, நிதி இருந்தது. வரவேற்கத் தக்க முயற்சி. ஆனால் அதிலும் ஆயக்கட்டு விவசாயிகள் செலவில் பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ பணமாகவோ தர வேண்டும் என்று விதித்தார்களே தவிர, அந்தக் கண்மாயின் மீன் குத்தகை, கரையோர மரம், வண்டல் ஆகியவற்றில் ஊருக்கு என்ன உரிமை என்பதைத் தொடவில்லை. ஒப்பந்ததாரரே விவசாயிகள் சங்கத்தின் பெயரில் வேலையை எடுத்துக்கொண்டார் என்று பல ஊர்களில் புகார் எழுந்ததில் வியப்பில்லை. ஒருமுறைச் செலவு இருக்கும் இடத்தில் ஒப்பந்ததாரர் வருவார். ஆண்டுதோறும் வருமானம் இருந்தால்தான் ஊர் வரும்.

பொதுச் சொத்தை யாரும் காக்க மாட்டார்கள், ஒவ்வொருவரும் தன் மாட்டைக் கூடுதலாக மேயவிட்டுக் கடைசியில் புல்லே இல்லாமல் போகும் என்ற வாதம் 1968இல் கேரட் ஹார்டின் எழுதிய கட்டுரையிலிருந்து இன்றுவரை சலிக்காமல் சொல்லப்படுகிறது. எலினார் ஆஸ்ட்ரோம் பல நாடுகளின் மேய்ச்சல் நிலங்களையும் பாசன வாய்க்கால்களையும் மீன்பிடி நீர்நிலைகளையும் ஆராய்ந்து இதற்கு விடை சொன்னார், 2009இல் பொருளாதார நோபல் பரிசும் பெற்றார். யாருக்கு உரிமை என்ற எல்லை தெளிவாக இருந்து, விதியை அதைப் பின்பற்றுகிறவர்களே வகுத்து, மீறுகிறவர்களைக் கண்காணிக்க வழியும் இருந்தால் பொதுச் சொத்து நீண்ட காலம் நிற்கிறது. இந்த விவாதத்தில் மேலும் சொல்ல அதிகமில்லை. எல்லையும் விதியும் இல்லாத நிலம்தான் அழிகிறது. நம் ஊர்களின் மேய்க்கால் புறம்போக்கு அழிந்ததும் அது ஊருடையதாக இருந்ததால் அல்ல, யாருடையது என்று சொல்ல முடியாததாக ஆக்கப்பட்டதால்.

கனமான ஆட்சேபம் வேறொன்று. ஊர் என்றால் யார்? மேந்தா-லேகா ஏறக்குறைய முழுக்கக் கோண்டு மக்களின் ஊர். தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஊர் ஒரு பக்கமும் சேரி ஒரு பக்கமும் இருக்க, ஊரிடம் உரிமையைக் கொடு என்பது ஆதிக்கச் சாதியிடம் கொடு என்பதாகிவிடாதா? 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை அரசமைப்பின் அடிப்படையாக ஏற்க அம்பேத்கர் மறுத்ததற்கு இதுவே காரணம். அவர் சொன்னதை எதிர்கொள்ளாமல் கிராமத் தன்னாட்சி பற்றிப் பேசுவது நேர்மையற்றது. நாம் பெருமையோடு சுட்டிக்காட்டும் உத்திரமேரூர்க் கல்வெட்டையே எடுத்துக்கொள்வோம். பத்தாம் நூற்றாண்டில் ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் எடுத்தார்கள். பெயர் எழுதப்படுவதற்கே வரி கட்டும் சொந்த நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் வேண்டும். அது பிராமணர்களின் சபை. ஏரியை வெட்டியவர்களின், கரையில் மண் சுமந்தவர்களின் பெயர் அந்தக் குடத்துக்குள் விழவே முடியாது. ராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிக் கண்மாய்களை ஆராய்ந்த மானுடவியலாளர் டேவிட் மோஸ், பழைய ஏற்பாடுகளைச் சமத்துவப் பொற்காலமாகப் பார்ப்பதைக் கண்டித்து, அவற்றில் அதிகாரமும் சாதி மரியாதையும் எப்படிப் பிணைந்திருந்தன என்று காட்டினார். மடை திறந்து தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டிகள் பல ஊர்களில் தலித் மக்கள். ஊரின் கடைசி வயல் வரை தண்ணீரைக் கொண்டுசேர்க்கத் தெரிந்த அவர்களில் பலருக்குப் பாய்ச்சிக்கொள்ளச் சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லை.

இந்த ஆட்சேபத்தை ஒதுக்க முடியாது. ஆனால் அது சமூக உரிமையே வேண்டாம் என்ற முடிவுக்கு நம்மைக் கொண்டுபோகவில்லை, அந்த உரிமையை எப்படி எழுத வேண்டும் என்பதைச் சொல்லித்தருகிறது. உரிமை நிலத்தோடு ஒட்டியதாக இருந்தால் நிலமுள்ளவர் ஆள்வார். ஆளோடு ஒட்டியதாக இருந்தால் கதை மாறும். எழுபதுகளில் மகாராஷ்டிரத்தின் புரந்தர் பகுதியில் விலாஸ்ராவ் சாளுங்கே தொடங்கிய பாணி பஞ்சாயத்து, தண்ணீரை ஏக்கர் கணக்கில் பிரிக்காமல் குடும்பத்தின் தலைக்கணக்கில் பிரித்தது. நிலமில்லாதவருக்கும் பங்கு உண்டு. கரும்பு போட அனுமதி இல்லை. அதே காலத்தில் சண்டீகருக்கு அருகே சுகோமாஜ்ரி கிராமத்தில், சரிந்துகொண்டிருந்த மலைச்சரிவில் ஆடு மாடுகளை மேயவிடாமல் காப்பதற்கு ஈடாக எல்லாக் குடும்பங்களுக்கும் அணைநீரில் சம உரிமை தரப்பட்டது. நிலமில்லாதவர் தம் பங்குத் தண்ணீரை மற்றவருக்கு விற்கலாம். ஆட்டை மலையேற்றாமல் நிறுத்தியதில் இழப்பு யாருக்கு அதிகமோ அவருக்கும் லாபத்தில் இடம் கிடைத்தது, அதனால் மலை மீண்டது. நம் கண்மாய்களில் இதற்கு இன்னும் நேரான வழி இருக்கிறது. தண்ணீரின் பயன் ஆயக்கட்டுக்காரருக்குப் போகிறது. மீனும், உள்வாயில் நிற்கும் கருவேலமும், கரைப் பனையும் நிலமில்லாத குடும்பங்களுக்கு முதல் உரிமையாக எழுதப்படலாம். சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்ற வேண்டும் என்று நீதிமன்றம் வரை போய்ப் பேசினோம். அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களுக்கு அந்த வெட்டின் வருமானத்தில் என்ன பங்கு என்று எங்கும் பேசவில்லை. கோடையில் நீர் வற்றும்போது சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவில் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாரும் கச்சாவும் ஊத்தாவுமாகக் கண்மாயில் இறங்குகிறார்கள். ஆண்டுக்கு ஒருநாள் கைக்கு வரும் அந்த உரிமையை ஆண்டு முழுமைக்கும் விரித்து எழுத முடியாததற்குக் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

காகிதத்தில் எழுதினால் போதாது என்பதற்குப் பஞ்சமி நிலமே சாட்சி. 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட அந்த நிலங்களை மற்றவர் வாங்கக் கூடாது என்று நிபந்தனையே இருந்தது. இருந்தும் பெரும்பகுதி கைமாறிப் போனது. மீட்கக் கேட்டவர்கள் 1994இல் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் இருவரை இழந்தார்கள். தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்ட துண்டு நிலத்தை ஒரு கல்யாணச் செலவோ ஒரு நோயோ அடமானத்துக்குக் கொண்டுபோய்விடும். அதனால்தான் வன உரிமைச் சட்டம் சமூக உரிமையை விற்கவோ மாற்றவோ முடியாததாக வகுத்தது. மேந்தா-லேகா ஒரு படி மேலே போய், 2013இல் தனியார் பட்டா நிலங்களையும் கிராம சபையிடம் ஒப்படைக்கும் கிராமதானத்துக்கு முடிவு செய்தது. வினோபா பாவே ஐம்பதுகளில் தமிழ்நாட்டிலும் நடந்து பரப்பிய அதே கருத்து. அதற்கான மகாராஷ்டிரச் சட்டம் 1964ஆம் ஆண்டிலிருந்தே ஏட்டில் இருந்தது. எல்லா ஊரும் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பொதுவில் இருப்பதையாவது விற்கக் கூடாததாகக் காப்பாற்ற வேண்டும்.

ஒரு சிற்றூர் சந்தையை எப்படிச் சமாளிக்கும் என்றும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி. பீடி இலையின் விலை 2017இல் உச்சத்துக்குப் போய் அடுத்த ஆண்டே சரிந்தது. இலைக்கு அப்போது 18 சதவீத ஜிஎஸ்டி இருந்தது. ஏலம் எடுத்த சில ஒப்பந்ததாரர்கள் பணத்தைப் பாக்கி வைத்தார்கள். தனித்தனியே ஏலம் விட்ட சபைகள் அடிபட்டன. கூட்டமைப்பாகச் சேர்ந்து ஒரே ஏலம் விட்டு, முன்பணம் வாங்கிய பின்பே இலையை ஏற்றிய சபைகள் சேதத்தைக் குறைத்துக்கொண்டன. கணக்கு எழுதத் தெரிந்த இளைஞரும் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லும் துணையும் இல்லாத ஊரில் உரிமை பாதி உரிமைதான். அரசு செய்ய வேண்டிய வேலை இங்கேதான் இருக்கிறது: ஆதரவு விலை, கிடங்கு, கணக்குப் பயிற்சி. இதைவிடப் பெரிய ஆபத்து மண்ணுக்கு அடியில் கனிமம் இருக்கும்போது வருகிறது. அதே கட்சிரோலியின் சுரஜாகட் மலையில் சுற்றுவட்டக் கிராம சபைகள் எதிர்த்தும் இரும்புத் தாது வெட்டப்படுகிறது. ஒடிசாவின் நியமகிரியில் 2013இல் உச்ச நீதிமன்ற ஆணைப்படி கேட்கப்பட்ட 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கத்தை வேண்டாம் என்றன, சுரங்கம் நின்றது. சபையைக் கேட்டே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்ன இடத்துக்கும் சொல்லாத இடத்துக்கும் இவ்வளவு தூரம்.

பழங்குடி மக்களுக்குப் பொருந்துவது மற்றவர்களுக்குப் பொருந்தாது என்பாரும் உண்டு. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள எக் தீவு 1997 வரை தனியொருவர் சொத்தாகக் கைமாறிக்கொண்டே வந்தது. குடியிருந்தவர்களுக்கு வீட்டுக் குத்தகையிலும் பாதுகாப்பு இல்லை. அந்த ஆண்டு தீவு மக்கள் அறக்கட்டளை அமைத்து, பொதுமக்களிடம் நிதி திரட்டி 15 லட்சம் பவுண்டுக்குத் தீவையே வாங்கினார்கள். பரம்பரையாக வாழ்ந்தவர்களும் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களும் கலந்த ஊர் அது. 2008இல் நீர், காற்று, சூரிய ஒளி மூன்றிலிருந்தும் தங்களுக்கென்று மின்சாரம் அமைத்துக்கொண்டார்கள். அறுபத்தைந்து பேர் அளவில் தேய்ந்திருந்த மக்கள்தொகை பிறகு நூறைத் தாண்டியது. நிலம் விற்பனைக்கு வந்தால் முதலில் வாங்கும் உரிமை உள்ளூர்ச் சமூகத்துக்கு என்று 2003இல் ஸ்காட்லாந்து சட்டமே இயற்றியது.

தமிழ்நாட்டில் என்ன செய்யலாம் என்பதற்கு நம் ஊராட்சிகள் சட்டத்திலேயே தொடக்கம் இருக்கிறது. மேய்ச்சல் தரை, களம், மந்தை, தோப்பு போன்ற புறம்போக்குகள் ஊராட்சியைச் சேர்ந்தவை என்கிறது 1994ஆம் ஆண்டின் அந்தச் சட்டம். அரசு வேண்டும்போது எடுத்துக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறது. 2023இல் நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டம் இந்த வழியை இன்னும் அகலமாக்கியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டம் என்றால் அதற்குள் இருக்கும் நீர்நிலைகளோடு சேர்த்தே நிலத்தை ஒருங்கிணைக்கலாம். நீர்நிலைகளையும் பொது நிலங்களையும் ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கச் சொல்லி 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்ட பிறகு வந்த சட்டம் இது. காட்டின் பக்கம் பார்த்தால், வன உரிமைச் சட்டம் நீதிமன்ற வழக்கால் 2016 வரை இங்கே முடங்கிக் கிடந்தது. அதன் பிறகும் தனிப்பட்டாவுக்குக் கிடைத்த வேகம் சமூக வன உரிமைக்குக் கிடைக்கவில்லை.

முதல் மாற்றம் யாரிடம் உரிமை என்பதில் வர வேண்டும். ஊராட்சி மன்றம் வேறு, மக்கள் கூடும் சபை வேறு. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தபோது, ஊராட்சியின் சொத்து ஒரே நாளில் அதிகாரி கைக்குப் போனது. சபையின் சொத்தாக இருந்திருந்தால் போயிருக்காது. நம் கிராம சபையோ பல குக்கிராமங்களைச் சேர்த்து ஊராட்சிக்கு ஒன்று. 3,000 பேர் உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால் தீர்மானம் செல்லும். வன உரிமைச் சட்டத்தின் விதிகளோ குடியிருப்பு அளவில் சபை, பாதிப் பேர் வருகை, வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்று கேட்கின்றன. அதே அளவுகோலைக் கண்மாய்க்கும் மேய்க்காலுக்கும் வைக்கலாம். குடியிருப்பிலுள்ள வயதுவந்த எல்லாரும் உறுப்பினர், ஆயக்கட்டில் நிலம் இருக்கிறதா என்ற கேள்வி இல்லை, சேரியில் தனியாகக் கூடிச் சொல்லும் மறுப்புக்கும் தடுக்கும் வலு உண்டு என்று விதி எழுதலாம்.

தமிழ்நாட்டின் 39,000க்கும் மேற்பட்ட ஏரிகளில் 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ளவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றின் மீன் குத்தகையும் மரமும் வண்டலும் அந்தந்தக் குடியிருப்புச் சபையின் பெயரில் ஏலம் போகவும், பணம் அதன் கணக்கில் சேரவும், ஒரு பகுதி மடைக்கும் கரைக்கும் செலவாகவும், மீதி நிலமற்ற குடும்பங்களுக்கு முன்னுரிமையோடு பிரியவும் வழிசெய்ய ஒரு சட்டத் திருத்தம் போதும். ஐந்தாம் அட்டவணைப் பகுதி இல்லாத மாநிலம் என்பதால் பழங்குடிப் பகுதிப் பஞ்சாயத்துச் சட்டம் இங்கே செல்லாது என்று சொல்லிக் கைவிரிக்கவும் தேவையில்லை. உள்ளாட்சியும் நிலமும் தண்ணீரும் மீனும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. இந்தத் திருத்தத்தைச் சென்னைச் சட்டப்பேரவையே ஒரு கூட்டத்தொடரில் நிறைவேற்ற முடியும்.